சுற்றிவளைத்துத் தேடினால் எல்லாம் கிடைத்துவிடுமா? கூச்சியும் பென் சுக்கும்

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2024

ஒரு சந்தேகம். இரண்டு மூன்று நாடுகளின் படைகள் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை இறக்கி, ஒரு பகுதியை நாலு பக்கமும் அடைத்துவிட்டுத் தேடினால் ஒளித்து வைத்த ஆயுதம் எங்கே போய்விடும்? வியட்நாமில் கூச்சிச் சுரங்கங்களை அப்படித்தானே கண்டுபிடித்தார்கள்? அப்புறம் ஏன் அதைத் தோல்வி என்கிறார்கள்?

8 ஜனவரி, இரவு

தேதி சரியாக விழுந்திருக்கிறது. கூச்சிப் பக்கம் நடந்த முதல் பெரிய தேடுதல் தொடங்கியதும் ஒரு ஜனவரி 8தான், 1966இல். அதற்கு வைத்த பெயர் கிரிம்ப். சரியாக ஒரு வருடம் கழித்து, 1967 ஜனவரி 8இல், அதைவிடப் பல மடங்கு பெரியது தொடங்கியது. அதன் பெயர் சீடார் ஃபால்ஸ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் வரும். இன்றைக்கு முதலாவது.

தென் வியட்நாமின் தலைநகராக இருந்த சைகோனுக்கு வடமேற்கே ஹோ போ காடு. ரப்பர் மரம், புதர், கெட்டியான செம்மண். சைகோன் சுற்றுவட்டாரத்துக்கான வியட்கொங் (தென் வியட்நாம் அரசையும் அமெரிக்கரையும் எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள்) தலைமையகம் அங்கே இருப்பதாகத் தகவல். அதைப் பிடிக்க ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். அமெரிக்காவின் 173ஆவது வான்வழிப் படையணி, அதோடு இணைந்திருந்த ஆஸ்திரேலியாவின் முதலாவது பட்டாலியன், நியூசிலாந்தின் 161ஆவது பீரங்கிப் பாட்டரி, அமெரிக்காவின் 1ஆவது காலாட்படைப் பிரிவிலிருந்து இன்னொரு படையணி. முதலில் பி-52 குண்டு, பிறகு பீரங்கி, பிறகு ஹெலிகாப்டர். அதுவரை அந்தப் போரில் அமெரிக்கத் தரப்பு நடத்திய ஆகப் பெரிய நடவடிக்கை அது.

இறங்கியவர்கள் மீது சூடு விழுந்தது. சுட்டவனைத்தான் காணவில்லை. அதற்கு முன்பெல்லாம் ஒரு துளையைக் கண்டால் கைக்குண்டைப் போட்டு, புகையை அடித்து, வாயை மூடிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். ஆஸ்திரேலியாவின் 3ஆவது களப் பொறியாளர் அணி அப்படிச் செய்யவில்லை. கேப்டன் சாண்டி மக்கிரெகரின் ஆட்கள் கைவிளக்கும் கைத்துப்பாக்கியுமாக உள்ளேயே இறங்கிவிட்டார்கள். ஊதுபொறி வைத்துப் புகையை உள்ளே தள்ளி, எந்தெந்தப் புதரடியிலிருந்து புகை கிளம்புகிறது என்று பார்த்து, நிலத்துக்குக் கீழே இருப்பதை மேலே வரைந்தார்கள். வெடிமருந்து, மருந்துப் பொருள், ரேடியோச் சாமான், கட்டுக்கட்டாகக் காகிதம் எல்லாம் வந்தது. ஒரு கார்ப்பரல் சின்ன மூடி ஒன்றில் சிக்கி உள்ளேயே மூச்சு முட்டி இறந்தார். ஆஸ்திரேலியப் பட்டாலியனுக்கு மொத்தம் 8 சாவு.

14ஆம் தேதி எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். ஆழத்தில் இருந்த மட்டங்கள் தொடப்படாமலே கிடந்தன.

ஆகவே "கண்டுபிடித்தார்கள்" என்று நீங்கள் எழுதியது சரி. கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று முழுதாக எழுத வேண்டும்.

9 ஜனவரி, காலை

நேற்று அவசரத்தில் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டேன்.

ஒன்று, அந்தச் சுரங்கங்களை அமெரிக்கருக்கு எதிராகத் தோண்டியதுபோலத் தொனி வந்துவிட்டது. 1940களின் கடைசியில் பிரெஞ்சுக்காரருக்கு எதிராகத் தொடங்கிய வேலை அது. 1966இல் உள்ளே இறங்கியவர்கள் கண்டது இருபது வருடத்து மண்வெட்டி வேலை. ஒரு வாரத்தில் தேடி முடிக்கக்கூடியதா?

இரண்டு, "பல நாட்டுப் படை" என்றால் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எண்ணிவிட்டு நிறுத்திவிடுகிறோம். தென் வியட்நாம் ராணுவமும் ஒரு நாட்டுப் படைதான். ஊர் அவர்களுடையது. எண்ணும்போது கடைசியில் நினைவுக்கு வருவதும் அவர்கள்தான். கீழே வரும் கதையில் இது முக்கியம்.

9 ஜனவரி, இரவு

இப்போது சீடார் ஃபால்ஸ். இதை எழுதத் தொடங்கி மூன்று தடவை அழித்துவிட்டேன், நீளமாகப் போய்விட்டதால். இந்த முறையும் நீளும், பரவாயில்லை.

சைகோன் ஆற்றுக்கும் தி தின் ஆற்றுக்கும் நடுவே முக்கோணமாக ஒரு நிலம். அமெரிக்கர் வைத்த பெயர் இரும்பு முக்கோணம். திட்டம் கொல்லன் பட்டறையிலிருந்து எடுத்தது: சைகோன் ஆற்றங்கரையில் ஒரு படையைப் பட்டடையாக நிறுத்து, வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இன்னொரு படையைச் சம்மட்டியாக இறக்கு, நடுவில் இருப்பது நசுங்கும். அமெரிக்கரும் தென் வியட்நாமியருமாக ஏறத்தாழ 30,000 பேர்.

முக்கோணத்தின் மேல் மூலையில் பென் சுக் என்று ஒரு கிராமம். ஆற்றோரம், நெல் விளையும் ஊர், 3,500 பேர் அளவில் குடியிருந்தார்கள். 1967 ஜனவரி 8 காலை எட்டு மணிக்கு 60 ஹெலிகாப்டர்கள் மரத்துக்கு மேலே உரசினாற்போலப் பறந்து வந்து ஊருக்குள்ளேயே இறங்கின. அந்தப் பட்டாலியனை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் அலெக்சாண்டர் ஹெய்க். பின்னாளில் அமெரிக்க வெளியுறவு அமைச்சரானாரே, அவர்தான். வானத்தில் ஒலிபெருக்கி: சுற்றி வளைக்கப்பட்டிருக்கிறீர்கள், ஓடினால் சுடப்படுவீர்கள். பிறகு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. அங்கே 15 முதல் 45 வயது ஆண்களைத் தனியாகப் பிரித்து விசாரணைக்கு அனுப்பினார்கள். வீடு தேடும் வேலையும் விசாரணை வேலையும் தென் வியட்நாம் படைக்கு.

அடுத்த நாட்களில் அந்த ஊரும் சுற்றியிருந்த ஊர்களும் காலி செய்யப்பட்டன. கணக்கு இருக்கிறது: 5,987 பேர். அதில் ஆண்கள் 582. பெண்கள் 1,651. குழந்தைகள் 3,754. எருமை 247, மாடு 225, மாட்டு வண்டி 158 என்று அதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த வரியை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று தெரியாது. கெரில்லாக்களின் கோட்டை என்று சொல்லி அடைத்த இடத்திலிருந்து வெளியே வந்தவர்களில் ஐந்தில் மூன்று பேருக்கு மேல் குழந்தைகள்.

அவர்களைக் கொண்டுபோய் விட்ட முகாம் தயாராகவே இல்லை. செய்தி கசிந்துவிடும் என்று அந்த மாகாணத்து அதிகாரிகளுக்கே கடைசி நேரம் வரை சொல்லவில்லை. உதவி செய்ய வேண்டியவனை நம்பாமல் ஊரைத் தூக்கி அவன் மடியில் போட்டால் என்ன ஆகும்?

பென் சுக்கை எரித்தார்கள். புல்டோசர் விட்டுச் சமப்படுத்தினார்கள். கீழே சுரங்கம் மிச்சம் இருந்தால் அதுவும் போகட்டும் என்று வெடி வைத்தார்கள். ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை.

10 ஜனவரி

"அப்படியானால் ஆயுதம் கிடைத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்கு: கிடைத்தது. தனியாள் தூக்கும் துப்பாக்கிகள் ஏறத்தாழ 600. அரிசி 3,700 டன். காகிதம் 5 லட்சம் பக்கம். கொன்றதாகச் சொன்ன எதிரிகள் 700க்கு மேல். அமெரிக்கர் 72 பேர் செத்தார்கள், தென் வியட்நாம் படையினர் 11 பேர்.

30,000 பேர் 19 நாள் தேடி 600 துப்பாக்கி. ஐம்பது பேருக்கு ஒன்று. பெரிய அணிகள் சண்டைக்கே நிற்கவில்லை. கம்போடிய எல்லைப் பக்கம் நழுவிவிட்டன. சம்மட்டி ஓங்கியபோது பட்டடையில் பெரும்பாலும் இருந்தது நெல்லும் பிள்ளைகளும்.

11 ஜனவரி, அதிகாலை

தூக்கம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வரிசைதான் காரணம்.

நான் யாழ்ப்பாணம். இப்போது மெல்பேர்ண். சின்ன வயதில் எங்கள் ஊரில் சுற்றிவளைப்பு என்றால் எல்லாருக்கும் தெரியும். எந்தப் படை என்று நான் எழுதப் போவதில்லை. வந்தவர்களின் உடுப்பு காலத்துக்குக் காலம் மாறியது, முறை மாறவில்லை. விடியப்புறம் முதலில் நாய்கள் குரைக்கும். நாலாவது ஐந்தாவது நாய் தொடங்கும்போதே அம்மா எழுந்து விளக்கை ஏற்றாமல் எங்களுக்குச் சட்டை போட்டுவிடுவா. பிறகு ஒலிபெருக்கி. கோயில் வீதிக்கு வா. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். வெயிலில் இருத்திவிடுவார்கள்.

அப்புறம் தலையாட்டி. இந்தச் சொல் மற்ற ஊர்க்காரருக்குப் புரியாது. வாகனத்துக்குள் ஒருவனை இருத்தித் தலையில் சாக்கு மாட்டியிருப்பார்கள், கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலை அசைந்தால் அந்த ஆள் அந்தப் பக்கம். அசையாவிட்டால் வீட்டுக்கு. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா நடந்தபோது சாக்கு அசைந்தது. அடுத்த நாள் பின்னேரம்தான் விட்டார்கள்.

எங்கள் வீட்டையும் தேடினார்கள். நெல் மூட்டைகளை இரும்புக் கம்பியால் குத்தினார்கள், தரையைத் தட்டிப் பார்த்தார்கள், கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை, எதுவும் எடுக்கவும் இல்லை.

பென் சுக்கில் தலையாட்டி இருந்ததா என்று ஒருவர் கேட்கக்கூடும். சாக்கு மாட்டிய கதை நான் அறியவில்லை. ஆனால் சரணடைந்தவர்களைச் சேர்த்துக்கொள்ள "சியூ ஹோய்" என்று ஒரு திட்டம் இருந்தது, சீடார் ஃபால்ஸ் நாட்களில் மட்டும் 500க்கு மேற்பட்டவர்கள் அப்படி வந்தார்கள். அப்படி வந்தவர்களை வழிகாட்டிகளாகவும் அந்தப் போரில் பயன்படுத்தினார்கள். வெளிநாட்டுப் படைக்கு ஊரில் யார் யார் என்று தெரியாது. யாராவது ஒருவன் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்பவனுக்குப் பயம் இருக்கலாம், பழைய வேலிச் சண்டை இருக்கலாம், உயிர் பிழைக்க ஆசை இருக்கலாம். படை போன பிறகும் அந்தச் சந்தேகம் ஊரில் நிற்கும். எங்கள் ஊரில் முப்பது வருடம் கழித்தும் "அந்தச் சாக்குக்குள் இருந்தது இன்னார்தான்" என்று குசுகுசுக்கிறார்கள். ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.

12 ஜனவரி

"3,700 டன் அரிசியைக் கெரில்லாக்களிடமிருந்து பறித்தது வெற்றி இல்லையா?" என்று மேலே எழுதியிருக்கிறார்கள்.

ஒருவகையில் ஆம். 13,000 பேருக்கு ஒரு வருடச் சாப்பாடு என்று அமெரிக்கத் தரப்பே கணக்குப் போட்டது. நான் அதை மறுக்கவில்லை, பெரிய களஞ்சியங்கள் இருந்தது உண்மைதான். என் சிக்கல் வேறு. நெல் விளையும் ஊரில் எது குடும்பத்து நெல், எது படைக்குக் கொடுக்கிற நெல் என்று மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஐந்து மூட்டை இருந்தால் "யாருக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். அடுத்த போகம் வரைக்கும் என்று அம்மா சொன்னா. மொழிபெயர்ப்பவன் என்ன சொன்னானோ, அந்தச் சிப்பாய் இன்னொரு தடவை கம்பியைக் குத்தினான்.

14 ஜனவரி

கூச்சிக்குப் போனதைப் பற்றிக் கேட்டீர்கள். 2018இல் மனைவியும் மகளும் நானும் போனோம். முதல் நாள் சைகோனில் மாரியம்மன் கோயில். செட்டியார்கள் கட்டியது. இப்போது வணங்குவோரில் பெரும்பாலானோர் வியட்நாமியர், கருங்கல் சுவரில் முகத்தை ஒட்டி வைத்து வேண்டுதலை மெதுவாகச் சொல்கிறார்கள். என் மகளும் சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

மறுநாள் சுரங்கம். சுற்றுலாப் பயணிகளுக்காக அகலப்படுத்திய பகுதியிலேயே நான் குனிந்து, பிறகு தவழ்ந்து, இருபது மீட்டரில் வெளியே வந்துவிட்டேன். வழிகாட்டி இலைகளை விலக்கி ஒரு மூடியைக் காட்டினார். பலகை அளவு. கைகளைத் தலைக்கு மேலே தூக்கினால்தான் உடல் இறங்கும். காற்றுக் குழாயின் வாய் கறையான் புற்றுக்குள். மோப்ப நாயை ஏமாற்ற அமெரிக்கச் சவர்க்காரத்தை அங்கே வைப்பார்களாம். சமையல் புகையைப் பல கால்வாய்களாகப் பிரித்துத் தூரத்தில், பனியோடு பனியாக விடும் அடுப்பும் இருந்தது. கடைசியில் எல்லோருக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கு, எள்ளும் உப்பும் கலந்த பொடியோடு. உள்ளே இருந்தவர்கள் இதைத்தான் சாப்பிட்டார்கள் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். எழுபதுகளில் பஞ்சத்தில் இரண்டு நேரமும் மரவள்ளிதான் என்று அவளுடைய அம்மா சொல்லாத நாளில்லை.

அங்கே ஒரு துப்பாக்கி சுடும் இடமும் இருக்கிறது, தோட்டாவைக் காசு கொடுத்து வாங்கிச் சுடலாம். கிழங்கு கையில் இருக்கும்போது அந்தச் சத்தம் தொடங்கியது. நான் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன். மகள் என்னப்பா என்றாள். அதன் பிறகுதான் சுற்றிவளைப்பைப் பற்றி முதல் முறையாக அவளுக்குச் சொன்னேன், திரும்பும் பஸ்ஸில், சைகோன் வரும் வரைக்கும்.

15 ஜனவரி

இன்னொன்று. என் எழுத்தை வாசித்தால் தேடப் போன சிப்பாய் மீது கோபம் இருப்பதுபோலத் தெரிகிறது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு கிழவர், ஆஸ்திரேலியர், அந்தப் போரின் பிற்காலத்தில் வியட்நாமில் ஆஸ்திரேலியப் படையின் நூய் தாத் முகாமில் இருந்தவர். புல்லில் நடக்க மாட்டார். எங்கள் வீட்டு வாசலுக்கு வருவதென்றால் சிமெந்துப் பாதையைச் சுற்றிக்கொண்டு வருவார். காரணம் எனக்கு வெகுகாலம் தெரியாது.

1967இல் ஆஸ்திரேலியப் படை ஃபுவோக் தூய் மாகாணத்தில், தாத் தோ கிராமத்திலிருந்து கடல் வரைக்கும் 11 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணிவெடி வேலி போட்டது. 20,000க்கு மேற்பட்ட வெடிகள், மிதித்தால் இடுப்பு உயரத்துக்குத் துள்ளி வெடிக்கிற வகை. கெரில்லாக்களை ஊர்களிடமிருந்து பிரிப்பதுதான் நோக்கம். வேலியைக் காவல் காக்கப் போதிய ஆள் இல்லை. கெரில்லாக்கள் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்திரேலியர் நடக்கும் வழிகளில் புதைத்தார்கள். தாங்கள் புதைத்ததையே தாங்கள் மிதித்துச் செத்தார்கள். கிழவரின் அணியிலும் அப்படி நடந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னார், ஒரு ஆகஸ்ட் 18இல், வியட்நாம் வீரர்களுக்கான நாளில். சொல்லிவிட்டுச் சிமெந்துப் பாதையிலேயே திரும்பிப் போனார்.

ஒளித்து வைத்த ஆயுதங்களைத் தேடப் போன படையே எதிரிக்கு மிகப் பெரிய ஆயுதக் கிடங்கைத் திறந்து வைத்தது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். கேள்வி கேட்டவருக்கு நேரான பதில் இதுதான்.

20 ஜனவரி

"சும்மா குறை சொல்கிறீர்கள், படை வேறு என்னதான் செய்வது?" ஐந்து நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன்.

தேடவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த முக்கோணத்திலிருந்து போன வெடிகள் சைகோனில் சாதாரண ஆட்களையும் கொன்றன. அவர்களுக்கும் வீடு இருந்தது. சுரங்கத்துக்குள் இருந்தவர்களை நான் தெய்வமாக்கவும் இல்லை. நெல் கொடுக்க மறுத்தவனுக்கு அவர்கள் கையிலும் தண்டனை இருந்தது.

ஆனால் திட்டம் போடும் மேசையில் எனக்கு ஓர் இடம் கிடைத்தால் ஒன்றே ஒன்றைக் கேட்பேன்: முடிந்த மறுநாள் அங்கே யார் இருப்பார்கள்? கிரிம்பில் ஒரு வாரம். சீடார் ஃபால்ஸில் 19 நாள். இரண்டிலும் வந்தவர்களுக்கு வீடு வேறு இடத்தில். போகப் போகிறவன் தேடுவதும் இருக்கப் போகிறவன் ஒளிப்பதும் ஒரே போட்டி இல்லை. ஒளிப்பவன் பொறுத்திருந்தால் போதும். ஊர்க்காரன் படையோடு ஒத்துழைக்க வேண்டுமென்றால், அந்தப் படை அடுத்த மாதமும் இருக்கும், தன் வீடும் இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். பென் சுக்காரனுக்கு இரண்டுமே இல்லை.

ஒருவர் தனிமடலில், மலேயாவில் பிரிட்டிஷார் கிராமத்து ஆட்களை இடம் மாற்றிக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை வென்றார்களே என்று கேட்டிருக்கிறார். அது தனி இழைக்கான விஷயம். அங்கே மாற்றிக் குடியேற்றியது பெரும்பாலும் காட்டோரத்துச் சீனக் குடியிருப்புகளை, வருடக்கணக்கில். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் துணிவில்லை.

27 ஜனவரி

நேற்று 26. சீடார் ஃபால்ஸ் முடிந்த தேதி. முடிந்து இரண்டே நாளில் 1ஆவது காலாட்படைப் பிரிவின் துணைத் தளபதி பெர்னார்ட் ரோஜர்ஸ் ஹெலிகாப்டரில் முக்கோணத்தின் மேலே பறந்து பார்த்தார். கீழே சைக்கிளிலும் நடையாகவும் ஆட்கள். வியட்கொங் போலத் தெரிந்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் ஜனவரி கடைசியில், டெட் என்னும் வியட்நாமியப் புத்தாண்டின்போது, சைகோனைத் தாக்கப் போன அணிகளில் பல அந்தப் பக்கம் வழியாகத்தான் வந்தன.

அப்புறம் ஒரு திருத்தம். இந்த இழையை நேற்றுத் தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வயது எண்பத்து மூன்று, நினைவு தெளிவு. 11ஆம் தேதி எழுதிய இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னா. எங்கள் வீட்டில் எதுவும் எடுக்கவில்லை என்று நான் எழுதியது பிழையாம். எடுத்தார்கள். அப்பா வாசலில் சின்னதாகக் கடை வைத்திருந்தார், அதன் கடன் கொப்பியை எடுத்துக்கொண்டு போனார்கள். நிறையப் பெயர், பக்கத்திலே எண். அவர்களுக்கு அது ஏதோ பட்டியலாகத் தெரிந்திருக்கிறது. அப்பாவை மறுநாள் வரைக்கும் வைத்திருந்ததே அந்தப் பெயர்களைக் கேட்கத்தானாம். சாக்கு அசைந்ததால்தான் என்று இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன்.

கொப்பி திரும்பி வரவில்லை. அப்பா வந்த மறுநாள் கடையைத் திறந்தபோது ஊர்ச் சனம் ஒவ்வொருவராக வந்து, தாங்கள் எவ்வளவு தர வேண்டும் என்று தாங்களே சொல்லிப் புதுக் கொப்பியில் எழுதச் சொன்னார்களாம். இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அவர்களை வீட்டிலிருந்து அன்று கொண்டுபோயிருந்தார்கள். அந்த இரண்டு பெயரையும் அப்பா புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, எண் போடாமல் விட்டிருந்தார் என்று அம்மா சொன்னா.